பாவு இல்லாமல் ஓடிய தறி

எனக்கு நெஞ்சில் அடைப்பு எதுவும் கிடையாது. ஆஞ்சியோவும் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் பல பேர் என்னை இன்னமும் இருதய நோயாளி என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அப்பளம் வைக்கிறவர் என் இலைக்கு வரும்போது மட்டும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். நன்றாகப் பொரிந்த அப்பளம் கண் முன்னால் அடுத்த இலைக்குப் போகிறது. பொய் சொன்னதற்கு எனக்கு அதுவும் வேண்டும்தான். நான் திருநெல்வேலியில் படுத்திருந்தது மனநலப் பிரிவில்.

சங்கரன்கோவிலில் நான்கு விசைத்தறி வைத்து ஓட்டுகிறேன். பெயர் சங்கரநாராயணன், எங்கள் ஊர்க் கோவில் சாமியின் பெயர். எங்கள் கடைத்தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். மனைவி பெயர் கோமதி, அம்மன் பெயர். அதுவும் அதே கதைதான். வீட்டை ஒட்டிய செட்டில் தறிகள். எங்கள் தெரு முழுக்க அப்படித்தான், சுவருக்குச் சுவர் தறி. அந்தச் சத்தத்தில் பிழைக்கிறவர்களுக்கு இரண்டு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒன்று, எதைச் சொன்னாலும் கத்திச் சொல்வது. ரகசியம் பேசுவதற்கான தொண்டை எங்களுக்குக் கிடையாது. இன்னொன்று, எதிரே நிற்கிறவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வது. நூல் அறுந்தது, டீ வந்தது, ஆள் வந்திருக்கிறது என்பதெல்லாம் தறி ஓடும்போது உதட்டிலேயே முடிந்துவிடும்.

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள். தெரு மொத்தமும் ஒரே நொடியில் அடங்கும். பெண்களுக்கு அன்றைக்குக் கடைக்குப் போக நேரம் கிடைக்கும். ஆண்கள் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு நாளில்தான் எனக்கு ஆரம்பித்தது. தறி நின்றது, நாற்காலியில் உட்கார்ந்தேன், என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. பிறகு அது வேகம் எடுத்தது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிதாக நான் அதுவரை பயந்ததில்லை.

பக்கத்துச் செட் கருப்பசாமி பனியனோடு ஓடி வந்தார். என் வயதுதான். எங்கள் இருவர் செட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். என்னைப் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, என் மகள் நித்யாவைப் பின்னால் ஏற்றிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஊருக்குள் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

"கண்ணை மூடாதேயும் வே! எங்கிட்ட பேசிக்கிட்டே வாரும்!" என்று வழி முழுக்கக் கத்தினார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். மார்பிலும் கை கால்களிலும் கம்பிகளை ஒட்டி, இருதயம் ஓடுவதைத் தாளில் கோடாக இழுக்கிற சோதனை அது. கோடு ஒழுங்காக இருந்தது. வாய்வாக இருக்கும் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் கரண்ட் வந்து தறிகள் ஓட ஆரம்பித்ததும் எனக்கும் சரியாகிவிட்டது. அங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டேன். தறி ஓடினால் எனக்கு ஒன்றும் வராது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அதன்பிறகு தறியை நிறுத்தவே பயம். எங்கள் செட்டுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்கும் ஓட்டினேன். சாப்பாட்டைத் தட்டோடு செட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன். படுத்தால் தூக்கம் வராது, விடியும் முன்பே எழுந்துபோய் மோட்டாரைப் போடுவேன். பசி குறைந்தது, பேச்சு குறைந்தது, யாராவது சிரித்தால் எரிச்சல் வந்தது. இத்தனைக்கும் காரணம் என்ன என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். சொல்லும்படியாகப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முந்தைய வருஷம் அப்பா தவறினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே தறியில் நின்றேன். அழுவதற்கு நேரம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு காலையில் கோமதி காபியோடு செட்டுக்குள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தறியைப் பார்த்தாள். நீளவாக்கில் கட்டுகிற நூலைப் பாவு என்போம். அந்தத் தறியில் பாவு முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது. ஒரு இழை நூல்கூட இல்லாமல் தறி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"பாவு இல்லாத தறிய எதுக்கு ஓட்டுதீய?"

"எண்ணெய் போட்டு ஓட்டிப் பாக்கேன்" என்றேன்.

அவளும் தறிக்காரர் வீட்டுப் பெண். எண்ணெய்க் கிண்ணம் மூலையில் தூசி படிந்து கிடப்பதைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் காபியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "நாளைக்கு நாம திருநெல்வேலி போறோம். இதுல பேச்சே இல்ல" என்றாள்.

திருநெல்வேலியில் முதலில் இருதய டாக்டரிடம்தான் போனோம். எக்கோ என்று ஒன்று. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேன் மாதிரியே நெஞ்சின் மேல் பசை தடவி, இருதயம் சுருங்கி விரிவதைத் திரையில் பார்க்கிறார்கள். பிறகு ஓடுகிற பட்டையில் நடக்கவிட்டு ஒரு சோதனை. ரத்தத்தில் தைராய்டு பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த பில்லைக் கோமதி என்னிடம் காட்டவே இல்லை, பையில் மடித்து வைத்துக்கொண்டாள். டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டு, "இருதயம் நல்லா இருக்கு. மாடியில மனநல டாக்டரைப் பாத்துட்டுப் போங்க" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

மாடி ஹாலில் கூட்டம். எல்லாரும் தரையையோ போனையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் "சங்கரநாராயணன்" என்று கூப்பிட்டதும் நான் எழுந்தேன். மூலை பெஞ்சில் இன்னொருவரும் எழுந்தார். துண்டால் பாதி முகத்தை மூடியிருந்தார். அந்தப் பெயரோடு வேறு எந்த ஊரிலிருந்து வந்திருக்க முடியும்? இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சொந்தக்காரப் பையனுக்குத் துணைக்கு வந்தேன் அண்ணாச்சி" என்றார் அவர்.

"நானும் துணைக்குத்தான் வந்தேன்" என்றேன்.

"அப்ப பேஷன்ட் யாரு?" என்றாள் நர்ஸ். இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். கோமதி என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே அழைத்துப் போனாள்.

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. என்ன வேலை, எப்போது எழுவேன், என்ன சாப்பிடுவேன் என்று சாவகாசமாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, "கொஞ்சம் மெதுவா பேசுங்க, வெளிய கேக்கும்" என்றார். எனக்கு வந்தால்தானே. என் தூக்கம், பசி, பயம் எல்லாம் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரிந்துபோயிருக்கும். கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?"

"தோணுது" என்றேன். டாக்டர் முன்னால் குனிந்து காதைக் கொடுத்தார். என் வாழ்க்கையில் நான் மெதுவாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். ஆனாலும் கோமதிக்குக் கேட்டுவிட்டது. மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்தவள் அறையை விட்டு வெளியே வரும் வரை விடவில்லை. அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்பது கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

என் நோயை அவர் இப்படி விளக்கினார். தெருவில் ஒரு நாய் துரத்தினால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், வேர்க்கும். எனக்கு நாயே இல்லாமல் உடம்பு ஓடத் தயாராகிவிடுகிறது. அதற்குப் பெயர் பானிக் அட்டாக். அதோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது. அது சோம்பலோ கோழைத்தனமோ அல்ல. தூக்கம், பசி, ஆசை எல்லாவற்றையும் ஒன்றாகக் குறைத்துவிடுகிற நோய். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இருப்பதுபோல இதற்கும் இருக்கிறது. வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகக் கொஞ்ச நாள் வார்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றார்.

மனநல வார்டு என்றால் நான் என்னவெல்லாமோ நினைத்து வைத்திருந்தேன். கூச்சலும் சங்கிலியும் இல்லை. எதிர்க் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிரச்சினை அமைதிதான். அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கோமதி அதை நித்யாவிடம் போனில் புலம்பியிருக்கிறாள். மறுநாள் நித்யா எங்கள் முதல் தறியின் சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். தலையணைக்கு அடியில் போனை வைத்து அதைப் போட்டதும் பிள்ளை மாதிரி தூங்கினேன். ஆசிரியர்தான் பாவம், தூங்கவில்லை.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். "கேளுங்க. ஆனா தினமும் கொஞ்சம் கொஞ்சமாச் சத்தத்தைக் குறைச்சுக்கிட்டே வாங்க" என்றார். அந்தப் பொறுப்பைக் கோமதி எடுத்துக்கொண்டாள். நான் கண்ணை மூடியதும் அவள் விரல் போனுக்குப் போவது தெரியும். வீடு திரும்பும் நாளில் தறி எங்கோ அடுத்த ஊரில் ஓடுவதுபோல அவ்வளவு மெலிதாகக் கேட்டது. எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ செய்திருக்கிறார்கள். அந்த விரல் செய்ததற்கு ஈடாக எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பொய் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. நெஞ்சில் அடைப்பு, ஆஞ்சியோ செய்தாயிற்று என்று கோமதி போனிலேயே தெருவுக்குச் சொல்லிவிட்டாள். "நித்யாவ நாளைக்கு நாலு இடத்துலருந்து பொண்ணு கேட்டு வரணும்லா. நீங்களும் அதையே சொல்லுங்க" என்றாள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நெஞ்சடைப்பு என்றால் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. ஓட்ஸ் வந்தது, மாதுளை வந்தது, உரித்த பூண்டு டப்பா டப்பாவாக வந்தது. கருப்பசாமி பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "அடைப்பு எத்தனை வே?" என்று அக்கறையாக விசாரித்தார். "ஒண்ணுதான்" என்றேன்.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு டாக்டர் இன்னொன்று சொன்னார்: ஒரு நாளில் கொஞ்ச நேரமாவது தறிக்கும் வீட்டுக்கும் இல்லாமல் எனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. காலையில் ரயில்வே ஸ்டேஷன் வரை நடக்கப் போனால், வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறோமே என்று முதுகு கூசியது. மெதுவாகப் பழகிற்று. வெள்ளிக்கிழமை தறியை நிறுத்தினேன். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கோமதி சொன்னாள் என்று கோவிலுக்கும் போனேன். அம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் ஒரு சின்னக் குழி உண்டு. மனது சரியில்லாதவர்களை அதில் உட்கார வைத்துக் கும்பிடச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் காத்திருந்தேன். கூட்டம் குறையவே இல்லை. எனக்கு முன்னால் ஒரு பெண்ணை அவள் மாமியாரே கையைப் பிடித்து அழைத்து வந்து, அத்தனை பேர் பார்க்க உட்கார வைத்தார். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை, சுற்றி நின்றவர்கள் அவளுக்காகவும் சேர்த்துக் கும்பிட்டார்கள். அம்மன் முன்னால் மறைக்காததை ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் ஏன் துண்டு போட்டு மறைக்கிறோம் என்று வீடு வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, என் தறிகள் நின்றிருந்த நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பசாமியின் தறி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். தறியில் துணி இருந்தால் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் அமுங்கிக் கேட்கும். இது வறட்டுச் சத்தம். பாவு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. ஆள் இளைத்திருந்தார். டீக்கடைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். நெஞ்சு படபடக்கிறது என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துகொண்டிருந்தார். "உமக்குப் பண்ணின மாதிரி எனக்கும் ஆஞ்சியோ பண்ணுங்கன்னு சொல்லுதேன் வே, மாட்டேங்காவ" என்று முந்தின வாரம்தான் என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு டாக்டர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இந்த மனுஷனுக்குள்ளும் இருந்தால் என்ன செய்வது?

கோமதியிடம் சொன்னேன். அவள் முறத்தை வைத்துவிட்டு உள் அறைப் பக்கம் பார்த்தாள். நித்யாவைப் பற்றி நினைக்கிறாள் என்று தெரியும். நித்யாவே உள்ளிருந்து வந்து, "அப்பாவுக்கு வந்தது சீக்குதானேம்மா. அதுக்காக வராத மாப்பிள்ள எனக்கு எதுக்கு?" என்றாள். கோமதி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சொல்லிருங்க" என்றாள்.

அந்த மாதத்து மின்தடை நாளில் கருப்பசாமியை என் செட்டுக்குக் கூப்பிட்டேன். தெரு அடங்கிக் கிடந்தது. பாவுக் கட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழம உம்ம தறியில பாவு இருந்துதா வே?"

"ஏன் கேக்கீரு?"

"இல்லாம ஓடிச்சு. எனக்குக் கேட்டுது."

"எண்ணெய் போட்டு ஓட்டிப் பாத்தேன்."

"கோமதிகிட்ட நானும் அதத்தான் சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். "எனக்கு அடைப்பும் இல்ல, ஆஞ்சியோவும் இல்ல. திருநெல்வேலியில மனசுக்குத்தான் வைத்தியம் பாத்தாவ. இப்பவும் மாத்திர சாப்பிடுதேன்." என் குரலைத்தான் முன்பே சொன்னேனே. எதிர்வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். கேட்டால் கேட்கட்டும் என்று இருந்தது.

கருப்பசாமிக்குக் கோபம் வந்தது. "நெஞ்சடைப்புன்னு நம்பி ஹார்லிக்ஸத் தூக்கிட்டு வந்தேனே வே. உம்மள என் பைக்குல வச்சுக் கொண்டுபோனவன் நானு. எங்கிட்டயும் சொல்லக் கூடாதா?"

"தப்புதான்."

"எனக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. இது வெறும் படபடப்பு." எழுந்து வாசல் வரை போய்விட்டார்.

அப்போது கரண்ட் வந்தது. நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. தெரு மொத்தமும் ஒரே அலறலாக ஓட ஆரம்பித்தது. ஸ்விட்சை அணைக்காமல் விட்டிருந்த என் முதல் தறியும் கிளம்பியது. வாசலில் நின்ற கருப்பசாமி திரும்பினார். அவர் உதடு அசைந்தது.

தூங்கி நாளாச்சு வே, என்றது உதடு. காலையில எந்திரிக்கவே பிடிக்கல. பிள்ளைகளப் பாத்தாலும் ஒண்ணும் தோணல. போய்ச் சேந்துரலாமான்னு இருக்கு.

என் கை தன்னால் ஸ்விட்சுக்குப் போயிற்று. போன கையை இழுத்துக்கொண்டேன். அமைதியாக இருந்தபோது இந்த மனுஷனால் சொல்ல முடியவில்லை. தறி ஓடட்டும் என்று விட்டுவிட்டு, அவர் முகத்துக்கு நேரே போய் நின்றேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார், கண்ணீர் வழிய வழிய. ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். முடித்தபோது நானும் உதட்டாலேயே சொன்னேன்: நாளைக்கே போவோம். அன்றைக்கு அவரைத் தனியாக விடவில்லை. கோமதி போய் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் பக்குவமாகச் சொன்னாள்.

மறுநாள் மாடி ஹாலில் அதே கூட்டம். மூலை பெஞ்சில், அதே துண்டுக்குள், என் பெயர்க்காரர் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்து, "யாருக்குப் பாக்கணும்?" என்றாள்.

நான் வாயைத் திறக்கும் முன் கருப்பசாமி சொன்னார், தறிக்காரக் குரலில்: "எனக்குத்தாம்மா. மனசு சரியில்ல. இவரு இங்கன பழைய பேஷன்ட். எனக்குத் துணைக்கு வந்திருக்காரு."

ஹால் முழுக்கக் கேட்டது. தரையையும் போனையும் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் நிமிர்ந்தன. அப்புறம் மூலை பெஞ்சில் இருந்தவர் முகத்திலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார். நகர்ந்து உட்கார்ந்து, "வாங்க அண்ணாச்சி, இங்கன இடம் இருக்கு" என்றார்.